ஒரு தபாலாபீஸ்... மூணு ஊர்!

உங்கள் பர்ஸில் உங்களுடைய விஸிட்டிங் கார்டு ஒன்று இருக்குமே, அதைக் கொஞ்சம் வெளியே எடுங்கள் ஸார். கம்பெனி பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறதா? சந்தோஷம். இப்போது கீழே, பொடி எழுத்தில் இருக்கும் இ-மெயில் முகவரியைப் பாருங்கள். கம்பெனி பெயரோடு 77, 2004 என்று ஏதோ ஒரு நம்பரைத் தைத்து, 'அட் ஜிமெயில் டாட் காம்' என்று முடிகிறதா? அப்படியென்றால் கடையும் போர்டும் உங்களுடையவை. தபால் பெட்டி மட்டும் அடுத்த வீட்டுத் திண்ணையில் தொங்குகிறது.

திண்ணைக்காரர் நல்லவர்தான். காசுகூடக் கேட்பதில்லை. ஆனால் அவர் வீட்டை இடித்துக் கட்டினால்?

நடக்காத கதையில்லை. 1995 ஆகஸ்ட் 15ந் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அப்போது மெட்ராஸில் கனெக்‌ஷன் வாங்கியவர்களின் முகவரியில் 'அட்'டுக்குப் பிறகு ஜி.ஐ.ஏ.எஸ்.எம்.டி. பூஜ்யம் ஒன்று, டாட், வி.எஸ்.என்.எல்., டாட், நெட், டாட், இன் என்று கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அதைக் கார்டில் அடித்து நீட்டினால் எதிராளி எழுந்து நின்று வாங்குவார். 2002ல் வி.எஸ்.என்.எல். டாடா கைக்குப் போனது. 2008ல் கம்பெனியின் பெயரே டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆகிவிட்டது. இந்தியாடைம்ஸ்காரர்கள் 2013ல் தங்கள் இ-மெயில் சேவையையே இழுத்து மூடினார்கள். கார்டு அடித்தவர்கள் மறுபடி அச்சாபீஸுக்கு நடந்தார்கள்.

இதற்கு மருந்து, சொந்தமாக ஒரு டொமைன் பெயர். டாட் இன் என்று முடிவதை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் பதிவு பண்ணிவிடலாம். ஒரு தொழில் இருந்தால் ஒரு பெயர், சிக்கலே இல்லை. ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு தொழில் மட்டும் பார்க்கிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் சித்தப்பா மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் காமயகவுண்டன்பட்டி. வீட்டுக்கு முன்னால் திராட்சை கமிஷன் மண்டி. கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடை. சுருளி அருவிக்கும் குமுளிக்கும் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் போக இரண்டு வேன். இங்கே பன்னீர் திராட்சை வருஷம் பூராவும் காய்க்கும். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் முன்பின் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் விலை கேட்டு மெயில் வருகிறது என்கிறார் தம்பி.

மூன்று தொழிலுக்கும் மூன்று டொமைன். முதலில் ஊர் பெயரையே வைக்கலாம் என்று ஆசைப்பட்டார். டொமைனில் ஒரு பெயருக்கு 63 எழுத்து வரை இடம் உண்டு. காமயகவுண்டன்பட்டியை இங்கிலீஷில் எழுதினால் 18தான். தாராளமாக அடங்கும். ஆனால் போனில் கொச்சின் பார்ட்டிக்கு ஸ்பெல்லிங் சொல்லி முடிப்பதற்குள் திராட்சை உலர்ந்து கிஸ்மிஸ் ஆகிவிடும் என்பதால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

போன தையில் ஊருக்குப் போயிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, மூணு பேருக்கும் தனித்தனியா மெயில் வேணும்னா மூணு சர்வர் வாங்கணுமா? ஒண்ணுக்கே கரண்ட் நிக்க மாட்டேங்குது!"

நான் பி.காம். கம்ப்யூட்டரை டேலி போடுவதற்காகத் தொட்டவன். நல்லவேளையாக எங்கள் அக்கா மகன் டிப்ளமா முடித்துவிட்டுக் கம்பத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். அவனும் நானும் தம்பியை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று போதும். ஒரு சப் போஸ்டாபீஸ் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஊருக்குப் பட்டுவாடா செய்கிறது! ஊருக்கு ஒரு தபாலாபீஸ் கட்டியா வைத்திருக்கிறார்கள்? கடிதத்தில் ஊர் பெயர் எதுவாக இருந்தாலும், 1972ல் வந்த பின்கோடு அதை எந்த ஆபீஸ் பையில் போடுவது என்று சொல்லிவிடுகிறது.

இ-மெயிலிலும் அதே கதை. 1971ல் ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்க இன்ஜினீயர், ஆள் பெயரையும் மெஷின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைப் பயன்படுத்தினார். அப்போது 'அட்'டுக்குப் பின்னால் இருந்தது நிஜமாகவே ஒரு மெஷின். பிறகு மெஷின்கள் பெருகின, டொமைன் பெயர்கள் வந்தன. 1986ல் எம்.எக்ஸ். ரெக்கார்டு என்றொரு ஏற்பாட்டுக்கு விதி எழுதினார்கள். அது வேறொன்றுமில்லை: 'இந்த டொமைனுக்கு வரும் கடிதத்தை இன்ன மெஷினிடம் கொடு' என்று ஊரறிய ஒட்டிவைக்கிற ஒரு வரி. திராட்சை டொமைன், ஏலக்காய் டொமைன், வேன் டொமைன் மூன்றுக்கும் அந்த வரியில் ஒரே மெஷின் பெயரை எழுதிவிட்டால் மூன்று ஊர் தபாலும் ஒரே ஆபீஸுக்கு வந்து சேரும். டொமைனுக்கு ஒரு ஐ.பி. நம்பர் தனியாக வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெஷினுக்கு ஒரு நம்பர், மெஷினுக்கென்று சொந்தமாக ஒரு பெயர். அவ்வளவுதான்.

சிக்கல் வந்து சேர்ந்த பிறகு ஆரம்பிக்கிறது. மூணு ஊரிலும் ஒரு முருகேசன் இருப்பாரே!

தம்பியின் மூன்று தொழிலிலும் 'சேல்ஸ்' என்று ஒரு முகவரி. பழைய முறைப்படி சர்வரில் 'சேல்ஸ்' என்று ஒரு கணக்குத் திறந்தால், எந்த டொமைன் பெயரில் வந்தாலும் எல்லாம் அந்த ஒரே பெட்டியில் விழும். திராட்சை கேட்டவருக்கு ஏலக்காய் விலை போகும். வேன் கேட்ட குடும்பத்துக்கு எட்டு டன் திராட்சை ரெடி என்று பதில் போகும். பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடமே முதலாளி வேறு, கடை வேறு, கணக்கைக் கலக்காதே என்பதுதான். அந்தப் பாடத்தை இத்தனை வருஷம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் எனக்கு ஞாபகப்படுத்தியது.

வழி இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது வீட்ஸே வெனெமா என்கிற டச்சுக்காரர் எழுதி 1998ல் வெளியிட்டது. தபாலை வாங்கிப் பிரித்து அனுப்புகிற சார்ட்டர் வேலை அதனுடையது. பெட்டியில் போட்ட கடிதத்தை உங்கள் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எடுத்துக் கொடுக்கிற கவுன்டர் கிளார்க் வேலைக்கு டவ்காட் என்று இன்னொன்று; 2002ல் ஒரு பின்லாந்துக்காரர் வெளியிட்டது. இந்த ஜோடியிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும்: எந்தெந்த டொமைன் நம்முடையது, எந்த முழு முகவரிக்கு எந்தப் பெட்டி. 'சேல்ஸ்' என்பது இனி ஆள் அல்ல. 'திராட்சையின் சேல்ஸ்', 'ஏலக்காயின் சேல்ஸ்' என்று முழுப் பெயரும் சேர்ந்தால்தான் ஆள். சர்வரில் நிஜக் கணக்கே தேவையில்லை. பாஸ்வேர்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி. வேன் டிரைவர் மண்டிக் கணக்கைப் படிக்க முடியாது.

இரண்டு ஊர் தபாலும் ஒருவருக்கே போக வேண்டுமென்றால் அதற்கும் பட்டியலில் இடமுண்டு. அலையாஸ் என்பார்கள். அலையாஸ் என்றதும் போலீஸ் ஸ்டேஷன் போர்டு ஞாபகம் வருகிறதா? அதேதான். ஆள் ஒன்று, பெயர் இரண்டு.

இன்னொரு ருசியான விஷயம். 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி எல்லா டொமைனிலும் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய இ-மெயில் விதிகளிலேயே போஸ்ட்மாஸ்டர் உண்டு. ஒரு மெயில் சர்வரில் தப்பு நடந்தால் யாரிடம் புகார் செய்வது? போஸ்ட்மாஸ்டரிடம். மூணு ஊருக்கும் போஸ்ட்மாஸ்டராக எங்கள் அக்கா மகன் பதவியேற்றான். சம்பளம் கிடையாது.

இதுவரை சொன்னது ஒரு சனிக்கிழமை வேலை. நிஜமான வேலை, நாம் அனுப்புகிற கடிதத்தை மற்றவர்கள் நம்பவைப்பது.

போன வருஷம் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது மூன்று டொமைனுக்கும் மலிவாக ஒரு இடத்தில் மெயில் வாங்கியிருந்தார். எந்தக் காவலும் கிடையாது. எர்ணாகுளத்தில் பல வருஷமாகச் சரக்கு எடுக்கிற ஒரு வியாபாரி. அவருக்கு மண்டியின் பெயரில், மண்டியின் அதே முகவரியிலிருந்து ஒரு மெயில்: 'எங்கள் பழைய பாங்க் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது. பாக்கி 1,84,000 ரூபாயைக் கீழ்க்கண்ட புதுக் கணக்கில் போடவும்.' நல்லவேளை, அவர் பழைய காலத்து மனிதர். போன் போட்டு, "என்ன தம்பி, பாங்க் மாத்திட்டீங்களோ?" என்று மலையாள வாசனையோடு விசாரித்தார். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்று எல்லோரும் அலறினார்கள். யாரும் எதையும் திருடவில்லை. ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து, 'அனுப்புநர்' என்ற இடத்தில் நீங்கள் கலெக்டர் பெயரை எழுதினால் தபால்காரர் தடுப்பாரா? 1982ல் இ-மெயிலுக்கு விதி எழுதியவர்களும் தடுக்கவில்லை. அப்போது வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள். அந்தக் குட்டி ஊரிலும் 1978லேயே கேரி துயர்க் என்ற சேல்ஸ்மேன், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் கம்ப்யூட்டரை விற்க, சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். உலகத்தின் முதல் ஸ்பாம் அதுதான் என்பார்கள்.

பிற்பாடு மூன்று பூட்டு கண்டுபிடித்தார்கள். ஒன்று எஸ்.பி.எஃப். 'என் டொமைன் பெயரில் கடிதம் கொண்டுவர இன்ன மெஷினுக்குத்தான் உரிமை' என்று, எம்.எக்ஸ். வரி ஒட்டிய அதே சுவரில் இன்னொரு நோட்டீஸ். இரண்டாவது டி.கே.ஐ.எம். அந்தக் காலத்து ரிஜிஸ்டர் தபாலில் அரக்கு வைத்து முத்திரை குத்துவார்களே, அது. முத்திரைக் கட்டை நம்மிடம். அதன் அச்சு எப்படி இருக்கும் என்பது சுவரில். வழியில் யாராவது கடிதத்தில் கை வைத்தால் முத்திரை பொருந்தாது. ஒரே சர்வர் என்றாலும் மூன்று டொமைனுக்கும் மூன்று முத்திரை வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது டிமார்க்: 'என் பெயரில் வருவது இந்தச் சோதனைகளில் தேறவில்லை என்றால் உள்ளே விடாதே' என்று எதிர்வீட்டு வாட்ச்மேனுக்கு நாம் கொடுக்கிற உத்தரவு.

முதல் நாளே 'விடாதே' என்று போட்டுவிடக் கூடாது. 'விடு, ஆனால் எனக்கு ரிப்போர்ட் அனுப்பு' என்று சில வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் வந்தபோதுதான் தெரிந்தது, வேன் புக்கிங் வெப்சைட் வேறு ஏதோ ஒரு மெஷினிலிருந்து தம்பி பெயரில் ரசீது அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று. அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகுதான் கதவைச் சாத்தினான் அக்கா மகன்.

இந்தப் பூட்டெல்லாம் விருப்பப்பட்டால் என்றிருந்த காலம் போய்விட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கறாராகிவிட்டார்கள். தங்களுக்கு மெயில் அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் ஸ்பாம் பெட்டிதான், அல்லது வாசலோடு திருப்பி அனுப்பல். உங்கள் ஆபீஸ் கொட்டேஷனுக்குப் பதிலே வரவில்லை என்றால் பார்ட்டியைத் திட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இதை மீறியும் திருடன் வரலாம். தம்பி டொமைனில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி அவனே ஒரு டொமைன் வாங்கி, அவனே மூன்று பூட்டும் போட்டுக்கொண்டு எழுதலாம். அதற்கு எர்ணாகுளத்துக்காரர் செய்ததுதான் வைத்தியம். போன்! பணம் போன பிறகு என்றால் உடனே 1930க்கு அடிக்க வேண்டும்.

ஒரே சர்வரில் மூன்று பேர் குடியிருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. குமுளி செக்போஸ்ட்டில் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரியில் மூன்று கடைச் சரக்கு. ஒருவர் மூட்டையில் மட்டும் ரேஷன் அரிசி. போலீஸ் எதை நிறுத்தும்? லாரியை! மற்ற இரண்டு பேரின் திராட்சையும் வெயிலில் நிற்கும். அதே மாதிரி, வேன் டிரைவரின் பாஸ்வேர்டு '123456' என்பதால் எவனோ உள்ளே புகுந்து லாட்டரி மெயில் அனுப்பினால், கெட்ட பெயர் அந்த ஐ.பி. நம்பருக்கு. ஏலக்காய்க் கடையின் கடிதமும் சேர்ந்து கறுப்புப் பட்டியலில் நிற்கும். அதனால்தான் பல கிளவுட் கம்பெனிகள், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் மாற்றிக்கொள்ளும் 25ஆம் நம்பர் வாசலைப் பூட்டியே வாடகைக்கு விடுகிறார்கள். சர்வர் எடுப்பதற்கு முன்பே, 'திறந்து தருவீர்களா? எங்கள் ஐ.பி. நம்பரைத் திருப்பிக் கேட்டால் எங்கள் மெஷின் பெயரைச் சொல்லும்படி எழுதித் தருவீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் 'ம்' வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

தம்பியின் கரண்ட் கவலைக்குப் பதில்: சர்வர் மண்டியில் இருக்க வேண்டியதில்லை, மும்பையிலோ சென்னையிலோ மாதம் சில நூறு ரூபாயிலிருந்து வாடகைக்குக் கிடைக்கும். அது ஒரு நாள் படுத்துவிட்டாலும் கடிதம் தொலையாது. அனுப்பிய சர்வர் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று விதி.

சரி, சொந்தமா வாடகையா? இங்கே என் பி.காம். வேலைக்கு வந்தது. ஸோஹோ, கூகுள், மைக்ரோஸாஃப்ட் மாதிரி இடங்களில் தலைக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை. சொந்த சர்வரில் பத்துப் பெட்டியானாலும் நூறானாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நோட்டில் வராத செலவு ஒன்று உண்டு: ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் நின்றால் எழுந்து உட்காருகிற ஆள். அந்த ஆள் வீட்டில் இருந்தால் சொந்த சர்வர் வையுங்கள். இல்லையென்றால் வாடகைக்குப் போங்கள், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வாடகைக்குப் போனாலும் ஒரு தந்திரம்: ஒரே கணக்கில் பல டொமைன்களைச் சேர்க்கப் பெரும்பாலான கட்டணத் திட்டங்களில் வசதி உண்டு, காசு ஆளுக்குத்தான், அலையாஸுக்கு இல்லை. மூணு ஊர் முருகேசனும் ஒரே ஆளாக இருந்தால் ஒரு வாடகை போதும்.

வாடகைக்குப் போவதில் எவ்வளவு பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள் தெரியுமோ? 1996ல் அட்வென்ட்நெட் என்று ஆரம்பித்து 2009ல் பெயர் மாறிய ஸோஹோ நம்ம ஊர் கம்பெனி. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில்கூட ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். அவர்கள் 2008ல் தொடங்கிய மெயில் சேவையின் ஆதாரமே இப்போது நாம் பார்த்ததுதான்: ஒரே இடம், ஆயிரமாயிரம் டொமைன்கள். மத்திய அரசு ஊழியர்களின் மெயிலை என்.ஐ.சி.யே நடத்திவந்தது. 2023ல் டெண்டர் மூலம் ஏழு வருஷத்துக்கு அந்த வேலை ஸோஹோவுக்குப் போனது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில் இடம் மாறிவிட்டது என்று 2025ல் செய்தி வந்தது. ஆனால் எந்த அதிகாரியும் புதுக் கார்டு அடிக்கவில்லை! கவ் டாட் இன், நிக் டாட் இன் என்ற பெயர்கள் அப்படியே இருக்கின்றன. டொமைன் அரசாங்கத்தின் கையில். பின்னாலிருக்கும் தபாலாபீஸ்தான் மாறியது.

அந்தப் பெயர் கையில் இல்லாவிட்டால் என்னாகும் என்பது வேன் விஷயத்தில் தம்பிக்குத் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வெப்சைட் போட்டுக்கொடுத்த ஒருவர், டொமைனைத் தன் சொந்தப் பெயரில் பதிவு செய்திருந்தார். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், போனும் மாறிவிட்டது. ரெனியூவல் நோட்டீஸெல்லாம் அவருடைய பழைய மெயிலுக்குப் போய்க் குவிந்தது. ஒரு நாள் சைட் இல்லை, மெயில் இல்லை. கொஞ்ச நாளில் வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கி ரம்மி விளம்பரம் போட்டுவிட்டார்கள். இரண்டு வேன் பக்கவாட்டிலும் அடித்திருந்த முகவரியை அழித்து, புதுப் பெயர் எழுதப் பெயின்டருக்கு ஆறாயிரம்.

"நாம பட்டிக்காட்டு ஆளுகண்ணே, ஏமாந்துட்டோம்" என்று தம்பி அலுத்துக்கொண்டபோது அவருக்கு மைக்ரோஸாஃப்ட் கதையைச் சொன்னேன். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியவில்லை என்று உலகம் பூராப் புலம்பல். நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் என்ற டொமைனுக்கு 35 டாலர் கட்ட மைக்ரோஸாஃப்ட் மறந்துபோயிருந்தது. மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் அதைக் கண்டுபிடித்துத் தன் கிரெடிட் கார்டிலிருந்து கட்டிவிட, ஹாட்மெயில் உயிர் பெற்றது. பில் கேட்ஸின் கம்பெனிக்கே ஒரு நல்ல மனிதர் மொய் எழுத வேண்டியிருந்தது!

தம்பிக்குக் கொஞ்சம் ஆறுதல். பிறகு காரியத்தில் இறங்கினார். மூன்று டொமைனும் அவருடைய பெயரில், அவருடைய போன் நம்பரில் இருக்கிறதா என்று அக்கா மகனை விட்டுத் திறந்து காட்டச் சொன்னார். ரெனியூவல் நோட்டீஸ் போகிற மெயில் அந்த மூன்று டொமைனிலும் சேராத ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவன் சொன்னதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். டொமைன் செத்தால் அதிலிருக்கும் பெட்டியும் சாகும், அப்புறம் நோட்டீஸை எங்கே படிப்பது என்றதும் புரிந்தது. அதற்கு ஜிமெயிலையே வைத்தான். திண்ணைக்காரருக்கும் ஒரு வேலை வேண்டுமல்லவா!

பிறகு மண்டிப் பேரேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். எல்.ஐ.சி. பிரீமியம், வேன் இன்ஷூரன்ஸ், எஃப்.சி. தேதிகளுக்குக் கீழே மூன்று டொமைனின் கடைசித் தேதியையும் சிவப்பு மையில் எழுதினார்.

"மாமா, பத்து வருஷத்துக்குக்கூட மொத்தமாக் கட்டலாம்" என்றான் அக்கா மகன்.

"பத்து வருஷமா? அதுக்குள்ள என் மகன் தலையெடுத்துருவான்டா, அவன் கட்டட்டும்" என்று சிரித்துவிட்டு, மூன்று வருஷத்துக்குக் கட்டினார்.